மதிய ஷிஃப்டின் முதல் துண்டுகள்

ஷைனிக்கு மெமோ கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கையில் கொடுத்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதன் நகலைக் கேன்டீன் வாசலில், எல்லாரும் கை கழுவுகிற இடத்துக்கு நேரே ஒட்டினார்கள். ‘கவனக்குறைவாகக் கையாண்டு உயிருள்ள திசுத் துண்டுகளை வீணாக்கியது தொடர்பாக’ என்று ஆரம்பித்து, வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வர வேண்டும், விரும்பினால் சக தொழிலாளி ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளலாம் என்று முடிந்திருந்தது.

அடுத்த மாதம் அவளை நிரந்தரம் செய்ய வேண்டும். தப்பு அவளுடையது என்று விசாரணையில் முடிவானால் நிரந்தரமும் இல்லை, வேலையும் இல்லை. சிப்காட்டில் வேறு கம்பெனி கேட்டில் போய் நின்றால், “அங்க ஏன் அனுப்பிட்டாங்க?” என்றுதான் முதல் கேள்வி வரும். அதற்கு என்ன பதில் சொன்னாலும் எடுபடாது.

நான் அதே கம்பெனியில் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறேன். பெயர் விக்டோரியா. செய்யாத தப்புக்கு ஒரு பெண்ணின் பெயரைச் சுவரில் ஒட்டியதில் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. கோபத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னால் யாருக்கும் விளங்காது. ஆகவே முதலில் மிஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நடந்த அநியாயம் என்னவென்று புரியாது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிறோம் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தோல் அச்சடிக்கிறோம் என்றால் ஷேர் ஆட்டோக்காரர், “செருப்புக்கா?” என்று கேட்கிறார். செருப்புக்கு இல்லை. தீக்காயம் பட்டவர்களுக்கு. மனிதத் தோலின் செல்களை வளர்த்து, கஞ்சிப் பதத்தில் இருக்கிற ஒரு ஜெல்லில் கலந்து, சிரிஞ்சில் ரொப்பி மிஷினில் மாட்டினால், அது ஊசி வழியாக இழை இழையாக விட்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தோலைச் செய்துவிடும். இன்னும் சோதனைக் கட்டம்தான். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி வாங்கிக்கொள்கிறது.

அந்த ஜெல்லில் இருப்பது உயிர். இதை மறந்தால் எல்லாம் போச்சு. சீக்கிரம் வேண்டும் என்று அழுத்தத்தைக் கூட்டினால், செல்கள் ஊசியின் வாயில் நசுங்கிச் செத்துப்போகும். துண்டு பார்க்க அழகாகத்தான் வரும். அதில் உயிர் இருக்காது. ஒன்றரை வருஷம் எங்கள் கம்பெனி இந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. வேகம் வைத்தால் உயிர் இல்லை, உயிர் வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு நாலைந்து துண்டுதான்.

அதைத் தீர்த்தவர் அருணா மேடம். கடம்பத்தூர்க்காரர், ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர். ஒரு ஊசிக்குப் பதில் நாலு ஊசி வைத்தார். மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் கும்பல் ஏறும்போது எல்லாரையும் ஒரே கதவில் தள்ளினால் ஆள் நசுங்குவான். நாலு கதவிலும் பிரிந்து ஏறினால் அதே நேரத்தில் யாரும் யாரையும் இடிக்காமல் ஏறிவிடலாம் இல்லையா, அது மாதிரி. ஒவ்வொரு ஊசியும் நிதானமாகத்தான் விடும். மொத்தத்தில் வேலை மளமளவென்று முடியும். பச்சைச் சாயம் உயிருள்ள செல்லுக்கு, சிவப்பு செத்ததற்கு. முதல் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது தட்டு முழுக்க நெல் நாற்று விட்ட மாதிரி பச்சை. அன்றைக்கு அருணா மேடம் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

நாலு ஊசி என்றால் நாலு சிரிஞ்சு ரொப்ப வேண்டும். காற்றுக் குமிழ் இல்லாமல், செல் அடிபடாமல் ரொப்புவது பொறுமையான வேலை. அவ்வளவு நேரமும் மிஷின் சும்மா நிற்கும். அதுதான் புரொடக்‌ஷன் மேனேஜர் பூவராகவன் கண்ணை உறுத்தியது. பெயின்ட் டப்பா வார்க்கிற பிளாஸ்டிக் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். “மிஷின் நின்னா என் மூச்சு நின்ன மாதிரி” என்று அடிக்கடி சொல்வார். அவர் மூச்சு ஒரு நாளும் நின்றதில்லை.

ஸ்டீவனும் பிளாஸ்டிக் கம்பெனியிலிருந்து வந்தவன்தான். ஷைனியின் வீட்டுக்காரன். காலை ஷிஃப்டில் அவன் மிஷின் ஓட்டுவான், மதிய ஷிஃப்டில் அவள். இருவரில் ஒருவர் வீட்டில் குழந்தையோடு இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி வாங்கிக்கொண்டார்கள். பிளாஸ்டிக் வார்க்கிற இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்து போகிறவன், அடுத்து வருகிறவனுக்காக மிஷின் தலையில் இருக்கிற தொட்டியில் பிளாஸ்டிக் குருணையை ரொப்பி வைத்துவிட்டுப் போவான். வருகிறவன் வந்ததும் ஸ்விட்சைப் போட்டால் போதும். ரொப்பாமல் போகிறவனை, “காலி பண்ணிட்டு ஓடுறான் பாரு” என்று திட்டுவார்கள்.

அந்தப் பழக்கத்தில் ஸ்டீவனும் தன் ஷிஃப்ட் முடிகிறபோது நாலு சிரிஞ்சையும் ரொப்பி வைப்பான். ரொப்பிவிட்டுப் போய்விட மாட்டான். உறை, முகமூடி, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு ஷைனி உள்ளே வருகிற வரைக்கும் மிஷின் பக்கத்திலேயே நிற்பான். அவள் வந்து கை வைத்ததும்தான் நகர்வான். நாள் முழுவதிலும் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். எலக்ட்ரீஷியன் குப்புராஜ் அண்ணன், கிருமி புகாத அந்த கிளீன் ரூமின் கண்ணாடிக்கு வெளியே நின்று இன்டர்காமில் கிண்டல் பண்ணுவார்.

“இன்னா ஸ்டீவன், சம்சாரத்துக்கு நாஷ்டா கட்டிக் குடுக்கிறியா?”

“ஆமாண்ணே. நாலு டப்பா.”

“எங்க ஊட்ல எனக்கு ஒரு டப்பா கட்டவே பேஜாரா கீது.”

ஒரு நாள் பூவராகவன் இதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மதிய ஷிஃப்ட் வந்த உடனே மிஷின் ஓட ஆரம்பித்ததைப் பார்த்து மெய்சிலிர்த்துவிட்டார். “இதுதான்யா டீம் ஒர்க்” என்று அன்றைக்கே எல்லாரையும் கூட்டி உத்தரவு போட்டார். இனிமேல் மூன்று ஷிஃப்டிலும், முடித்துப் போகிறவர்கள் நாலு சிரிஞ்சையும் ரொப்பி மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வாயால் சொன்னதுதான். ஆனால் நாங்கள் இருபது பேருக்குக் குறையாமல் நின்று கேட்டோம். இதை யாரும் மறந்துவிடக் கூடாது.

அதோடு நின்றிருந்தாலும் தப்பித்திருப்போம். அடுத்த வாரம் கண்ணாடிக்கு வெளியே நின்று இன்டர்காமில் ஸ்டீவனை அதட்டினார். “ஒரு மிஷின்ல ரெண்டு பேரு நின்னுக்கினு இன்னாய்யா பண்றீங்க? புருஷன் பொண்டாட்டி பேச்செல்லாம் ஊட்ல வெச்சிக்கங்க. ஷிஃப்ட் முடிஞ்சா வெளிய வா.” ஸ்டீவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான்.

அதற்கு அடுத்தபடியாக மீட்டிங் ஆரம்பித்தார். அஞ்சு நிமிஷ மீட்டிங் என்று அதற்குப் பெயர். இரவு ஷிஃப்டுக்கு அவர் இருக்க மாட்டார், காலையில் அவர் வருவதற்குள் வேலை ஆரம்பித்துவிடும். எனவே மதிய ஷிஃப்டுக்கு வருகிறவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். கிளீன் ரூம் வாசலில் வரிசையாக நிற்க வைத்து வேகத்தைப் பற்றிப் பேசுவார். ஜப்பானில் பாத்ரூம் போகிறதற்குக்கூட ஓடுவார்களாம். டப்பா மூடி செய்கிற கம்பெனியில் இவர் போய்ச் சேர்ந்த பிறகு மூடிகள் எப்படிக் குவிந்தன என்று ஒரு கதை. அது முடிந்தால் அந்த மூடிகளை அடுக்க இடமில்லாமல் போன கதை. எல்லாம் கேட்டு முடித்து, கை கழுவி, உறை மாட்டி, காற்றுச் சலித்து வருகிற சின்ன அறையில் நின்று, அப்புறம்தான் ஷைனி மிஷினுக்குப் போக முடியும். அவ்வளவு நேரமும் உள்ளே நாலு சிரிஞ்சு ஆளில்லாமல் நின்றுகொண்டிருக்கும். பிளாஸ்டிக் குருணை என்றால் வருஷக் கணக்கில் காத்திருக்கும். செல் காத்திருக்காது.

அந்த மாதத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. நல்ல வேளையாக, நோயாளிக்கு வைப்பதற்கு முன்னால் அவர்களே ஒரு தடவை சோதித்துப் பார்ப்பார்கள். பெட்டியில் சில துண்டுகளில் உயிரே இல்லை என்று எழுதியிருந்தார்கள். எங்களிடம் ஷிஃப்டுக்கு ஒரு துண்டைத்தான் சோதனைக்கு வெட்டுவது வழக்கம், அதுவும் கடைசித் துண்டை. அது எப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. திரும்பி வந்த பெட்டியைப் பார்த்த பிறகு, மூன்று ஷிஃப்டின் துண்டுகளையும் வரிசையாக வெட்டிச் சாயம் போட்டேன்.

காலைத் துண்டுகள் பச்சை. இரவுத் துண்டுகளும் பச்சை. மதியத்தின் முதல் துண்டுகள் மட்டும் செக்கச்செவேல். அதே மதியத்தில், ஷைனி தானே புதிதாக சிரிஞ்சு ரொப்பிய பிறகு செய்தவை மறுபடி பச்சை.

இதைக் கொண்டுபோய் பூவராகவனிடம் வைத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவது பக்கத்தைப் பார்க்கவில்லை.

“மிஷின் ஒண்ணுதானே?”

“ஆமா சார்.”

“ஜெல் ஒண்ணுதானே?”

“ஆமா சார்.”

“ஸ்டீவன் ஓட்டினா நல்லாருக்கு. நைட்ல இம்மானுவேல் ஓட்டினா நல்லாருக்கு. அந்தப் பொண்ணு ஓட்டினா சாவுது. அப்ப இன்னா அர்த்தம்? கை சரியில்ல.”

“சார், அதே கையிலதான் அதுக்கப்புறம் செஞ்சது எல்லாம் நல்லாருக்கு. அடுத்த பக்கத்துல இருக்கு பாருங்க.”

“நீ ரிசல்ட் மட்டும் குடும்மா. அர்த்தம் நான் பாத்துக்கிறேன்.”

அந்த அர்த்தம்தான் மறுநாள் மெமோவாக வந்து கேன்டீன் சுவரில் ஒட்டிக்கொண்டது.

நான் அருணா மேடத்திடம் போனேன். அவருக்கு நான் எதையும் விளக்கவேண்டி இருக்கவில்லை. தாளைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

“சிரிஞ்சுல ரொம்ப நேரம் நின்னிருக்கு விக்டோரியா. செல்லு எல்லாம் மெல்ல மெல்ல அடியில இறங்கிடும். ஊசி வாயில வந்து நெருக்கிக்கினு நிக்கும். அங்க அதுங்களுக்கு மூச்சும் இல்ல, சாப்பாடும் இல்ல. அப்புறம் அடைச்சிக்குது. மிஷின் தானா அழுத்தத்தை ஏத்துது. பாதி முன்னாடியே செத்தது, மீதி நசுங்கினது.”

“அப்ப இது ஷைனி தப்பில்ல.”

“இல்ல.”

“வெள்ளிக்கிழமை அதைச் சொல்லிடுங்க மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “அடுத்த மாசம் எட்டு ஊசி கேட்டிருக்கேன். அவர் கையெழுத்துப் போடாம மேல போவாது. இப்ப போயி, உங்க மீட்டிங்காலதான் செத்ததுன்னு சொன்னா... நீ டெஸ்ட் பண்றவ, உன்னைத்தான் கூப்பிடுவாங்க. நீ ரிசல்ட்டைச் சொல்லு. அது போதும்.”

எட்டு ஊசி நல்ல விஷயம்தான். எட்டு ஊசி வந்தால் இன்னும் வேகமாக இன்னும் நிறையப் பேருக்குத் தோல் போகும். அதற்காக ஒரு பெண்ணின் வேலையை முன்பணமாகக் கட்ட வேண்டுமா? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். “சரிங்க மேடம்” என்று வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் அந்த ‘சரிங்க மேடம்’ பல்லில் மாட்டிய நார் மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலை புதுகும்மிடிப்பூண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷைனி வீட்டுக்குப் போனேன். ஸ்டீவன் வேலைக்குப் போயிருந்தான். அவள் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வாசற்படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் மாறுகிறபோது இவர்கள் இரண்டு பேரும் வீட்டில் இல்லாத நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

நான் கண்டுபிடித்ததையும் அருணா மேடம் சொன்னதையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் இட்லியைப் பிட்ட கையோடு என்னைப் பார்த்தாள்.

“இத அங்க சொல்லாதக்கா.”

“ஏண்டி?”

“சிரிஞ்சுல நின்னதுதான் காரணம்னு நீ சொல்வ. மொதல்ல ரொப்பி வெச்சது யாருன்னு கேப்பாங்க. இவுரு பேரு வரும். எனக்கு இன்னா, நான் இன்னும் பர்மனென்ட் ஆவல. போச்சின்னா வேற எங்கியாவது பாப்பேன். இவுரு போனா ஊடு நிக்காது.”

“உத்தரவு போட்டது பூவராகவன். எல்லாரும்தான் கேட்டோம்.”

“கேட்டவங்க எல்லாம் வந்து சொல்வாங்களா?”

கன்னியம்மா பூவிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அந்த ஆளு வாய் ஓயாம பேசுவான்னு இந்தப் பொண்ணே தினம் வந்து அழுவும். அவன் வாய்க்கு ஒரு மெமோ குடுக்க ஆளில்ல.”

“ஸ்டீவன் என்ன சொல்றான்?” என்று கேட்டேன்.

“நானே போயி ஒத்துக்கிறேன்னு நிக்கிது. நீ இன்னா தப்புன்னு ஒத்துக்குவ, எனக்கு வேல சுலபமா இருக்கட்டும்னு செஞ்சதுதான் தப்பான்னு கேட்டேன். ரெண்டு நாளா ஊட்ல யாரும் யார் கூடவும் பேசல.” குழந்தையின் வாயைத் துடைத்தாள். “நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுக்கா. எனக்காக.”

பொய் சொல்ல மாட்டேன், கேட்டதற்கு மேல் சொல்லவும் மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனமில்லாமல்தான் கொடுத்தேன்.

விசாரணைக்குச் சென்னை அலுவலகத்திலிருந்து சரவணகுமார் என்கிற மனிதவள அதிகாரி வந்தார். இளவயதுக்காரர், இரண்டு பேனா வைத்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், பூவராகவன், அருணா மேடம். இந்தப் பக்கம் ஷைனி. அவளோடு துணைக்குக் குப்புராஜ் அண்ணன். ஓரமாக ஒரு ஸ்டூலில் நான், சாட்சி.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். எந்தத் துண்டு சிவப்பு, எந்தத் துண்டு பச்சை. சரவணகுமார் எழுதிக்கொண்டார். அதோடு என் வேலை முடிந்திருக்கும். பூவராகவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

“இதுல பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல சார். லேடீஸ். கையில க்ரீம் அது இதுன்னு பூசிக்கினு வருவாங்க. ஊட்ல ஏதாவது சண்டை போட்டுட்டு அதே நெனப்புல வருவாங்க. இது உயிர் சார். பொறுப்பு இல்லாதவங்க தொடக் கூடாது.”

ஷைனி மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருணா மேடமும் பெண்தான். அவர் கையிலும் க்ரீம் இருக்கும். அவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. கொடுத்த வாக்கு அந்த இடத்திலேயே காலாவதியாகிவிட்டது.

“சார், எனக்கு இன்னும் கொஞ்சம் சொல்லணும்” என்றேன்.

“கேட்டா சொல்லும்மா” என்றார் பூவராகவன்.

“சொல்லட்டும்” என்றார் சரவணகுமார்.

“அவங்க கையில க்ரீம் இருந்திருந்தா கடைசித் துண்டும் செத்திருக்கணும். அது சாவல. அவங்களே ரொப்பினது எதுவும் சாவல. அவங்க வர்றதுக்கு முன்னாடியே ரொப்பி, ஆளில்லாம நின்ன நாலு சிரிஞ்சு மட்டும்தான் சாவுது. நைட்லயும் காலையிலயும் ரொப்பித்தான் வெக்கிறாங்க. ஆனா வர்றவங்க நேரா உள்ள போயிடுறாங்க. மதியம் மட்டும் வர்றவங்கள வெளிய நிக்க வெச்சு மீட்டிங் நடக்குது.”

பூவராகவன் சிரித்தார். “அஞ்சு நிமிஷம் சார். மோட்டிவேஷன்.”

“அஞ்சு நிமிஷமா?” என்று சரவணகுமார் பொதுவாகக் கேட்டார். குப்புராஜ் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“நான் சொல்லலாங்களா சார்? போன வாரம் அந்த வராண்டாவுல ரெண்டு டியூப்லைட் மாத்தற வேல. சார் பேச ஆரம்பிக்கும்போது ஏணி வெச்சேன். ஒண்ணு மாத்தினேன். ரெண்டாவதும் மாத்தினேன். கேன்டீனுக்குப் போயி டீ குடிச்சிட்டு, ஏணிய எடுத்துக்கினு போலாம்னு வந்தேன். அப்பவும் மூடிங்கள அடுக்க எடமில்லன்னு சொல்லிக்கினு இருந்தாரு. இன்னா மூடின்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது சார்.”

சரவணகுமார் பேனாவை மாற்றினார். சிரிப்பை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

பூவராகவனுக்கு முகம் கறுத்தது. “சரி, அப்படியே வெச்சிப்போம். ரொப்பி வெக்கிற பழக்கத்த ஆரம்பிச்சது யாரு? அத விசாரிங்க. இந்தப் பொண்ணோட புருஷன். அப்ப மெமோ அவனுக்கும் குடுக்கணும்.”

அவள் பயந்தது அதைத்தான். ஷைனி தலையைத் தூக்கினாள். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“எங்க ஊட்டுக்காரருதான் ஆரம்பிச்சாரு சார். இல்லேங்கல. எனக்காகத்தான் ரொப்பி வெச்சாரு. ஆனா வெச்சிட்டுப் போவ மாட்டாரு. நான் வந்து கைய வெக்கிற வரைக்கும் அத உட்டு நகர மாட்டாரு. எத்தினி மாசம் அப்படி நடந்துச்சி. அப்ப ஒரு துண்டு செத்துச்சா? ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பெட்டி திரும்பி வந்துச்சா? நல்லாருக்குன்னுட்டு மூணு ஷிஃப்டுக்கும் அதையே செய்யச் சொன்னது யாரு? அவர நிக்காத வெளிய வான்னு தொரத்தினது யாரு? என்ன உள்ள போவ உடாம நிக்க வெச்சி ஜப்பான் கத சொன்னது யாரு? இவ்ளோ செஞ்சவர உட்டுட்டு என் கைய குத்தம் சொல்றீங்க.”

“நான் எப்பம்மா உத்தரவு போட்டேன்? எழுத்துல இருக்கா?”

எழுத்தில் இல்லை. இருபது பேரின் காதில் இருந்தது. அந்த இருபது பேரில், ஷைனியை விட்டுவிட்டாலும், மூன்று பேர் அந்த அறையிலேயே இருந்தோம். “நான் கேட்டேன்” என்றேன். “நானும்தான்” என்றார் குப்புராஜ் அண்ணன். மூன்றாவது காது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அருணா மேடத்துடையது. சரவணகுமார் அவர் பக்கம் திரும்பினார்.

“மேடம், நீங்க சொல்லுங்க. சிரிஞ்சுல காத்திருந்தா செல் செத்துப்போகுமா?”

“சாக வாய்ப்பு இருக்கு” என்றார் அருணா மேடம்.

“வாய்ப்பு இருக்கா, சாகுமா?”

நான் அவரையே பார்த்தேன். ஷைனியும் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றப் போனவர், கழற்றாமல் கையைக் கீழே வைத்தார்.

“சாகும்” என்றார்.

அதைச் சொல்வதற்கு அவருக்கு ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் அந்தப் பெண் மூன்று இரவு தூங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. மெமோவைச் சுவரில் ஒட்டியவர்கள், அதைத் திரும்பப் பெற்றதை மூடிய கவரில் வைத்துக் கொடுத்தார்கள். ஷைனி மேல் தவறில்லை என்று அதில் எழுதவில்லை. ‘நடவடிக்கை கைவிடப்படுகிறது’ என்று எழுதியிருந்தார்கள். நிரந்தரம் செய்வது மூன்று மாதம் தள்ளிவைக்கப்படுகிறது, அதுவரை அவளுடைய பணி கவனிக்கப்படும் என்று இன்னொரு வரி. சுவரில் ஒட்டியது வேறொரு சுற்றறிக்கை: ‘ஆபரேட்டர்கள் தன்னிச்சையாக சிரிஞ்சுகளை முன்கூட்டியே ரொப்பும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.’

தன்னிச்சையாக! அந்த ஒரு வார்த்தையை எழுதியவர் யாரோ, அவர் கை கூசியிருக்காதா? கீழே பூவராகவன் கையெழுத்து. அவருக்கு மெமோவும் இல்லை, மூன்று மாதக் கவனிப்பும் இல்லை. மீட்டிங்கைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளும்படி வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம்.

நான் ஷைனியிடம், மேலே எழுதிப் போடலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவள் கவரை மடித்துப் பையில் வைத்தாள்.

“எழுதலாங்கா. மொதல்ல இன்னிக்கி வேலைய முடிக்கணும்.”

அன்று மதியம் பூவராகவன் வழக்கம்போல வாசலில் எல்லாரையும் நிறுத்தினார். அன்றைய மாதிரித் துண்டை வாங்கிக்கொள்ள நானும் அங்கே நின்றிருந்தேன். “ரெண்டே நிமிஷம்” என்று ஆரம்பித்தார். நடந்ததை நல்ல விதமாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு குடும்பம் என்றால் நாலும் இருக்கும், முக்கியமான விஷயம் வேகம் என்று போய்க்கொண்டிருந்தது. ஜப்பான் வருகிற நேரம். கண்ணாடிக்கு உள்ளே ஸ்டீவன் மிஷின் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவன் ஷிஃப்ட் முடிந்துவிட்டது. ஆனால் வெளியே வரவில்லை. சிரிஞ்சுகளை ரொப்பவும் இல்லை. ஜெல் பாத்திரம் வெதுவெதுப்புப் பெட்டியிலேயே இருந்தது.

ஷைனி வரிசையிலிருந்து நகர்ந்தாள்.

“எங்கம்மா போற? பேசிக்கினு இருக்கேன் இல்ல.”

“உள்ள செல்லு காத்துக்கினு இருக்கு சார்.”

சத்தம் போடாமல்தான் சொன்னாள். பதிலுக்கு நிற்காமல் கை கழுவப் போனாள். பேக்கிங் பெண் சுகிர்தா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே போனாள். அப்புறம் இரண்டு பேர், அப்புறம் மற்றவர்கள். விசாரணைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லாத அதே ஆட்கள்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. இருந்தாலும் அன்றைக்குப் போனார்கள்.

உள்ளே ஷைனி வந்ததும் ஸ்டீவன் பெட்டியைத் திறந்தான். அவன் இரண்டு சிரிஞ்சு எடுத்தான், அவள் இரண்டு எடுத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ரொப்பினார்கள். ஒரு ஆள் ரொப்புகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. மாட்டினார்கள். நாலு ஊசியும் இறங்கி இழை விட ஆரம்பித்தன. வேகமும் உயிரும் சேர்ந்து வர வேண்டும் என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு, அங்கே இன்னும் ஒரு ஜோடிக் கை நின்றால் போதும் என்பதை எந்த மீட்டிங்கிலும் யாரும் சொன்னதில்லை.

பூவராகவன் கண்ணாடியைத் தட்டினார். “ஷிஃப்ட் முடிஞ்சவன் இன்னும் அங்க இன்னா பண்றான்? யார் பர்மிஷன்?” அது இரட்டைக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்கள் இன்டர்காமை எடுத்தால்தான் கேட்கும். இரண்டு பேரும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் திரும்பினார். வராண்டாவில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

“இன்னாம்மா இதெல்லாம்? நீயாவது நில்லு.”

“முதல் துண்டு வந்துடும் சார்” என்றேன். “இனிமே அதைத்தான் வெட்டிப் பாக்கப் போறேன்.”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.